பத்து பாகாட்டில் பார்த்த மலிவான வீடு

சண்டை முடிந்து கப்பல்கள் மறுபடி ஓடத் தொடங்கியதிலிருந்து, ஓய்வு பெறப்போகிற நண்பர்கள் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். ஊருக்குப் போகாமல் ஜொகூரிலேயே தங்குவதானால் எந்தப் பக்கம் போகலாம்? கையில் இருப்பதை வைத்துக்கொண்டு எங்கே காலம் தள்ளலாம்? ஜப்பான்காரன் காலத்திலேயே நான் அப்படி வீடு தேடி அலைந்தவன் என்பது அவர்களுக்குத் தெரியும். வாயால் சொல்லும்போது பாதியை விழுங்கிவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன். வீடு தேடுகிறவர்களுக்கு வேண்டிய விவரங்கள் இதில் இருக்கின்றன. வேண்டாதவையும் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டால் நான் ஏன் மாசாயில் இருக்கிறேன் என்பது யாருக்கும் புரியாது.

கூலாய்க்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணியாக இருந்தேன். அதாவது தோட்ட அலுவலகத்தில் தலைமை எழுத்தர். நாற்பத்தொன்றாம் வருஷக் கடைசியில் ஓய்வு பெற்றேன். எனக்கும் என் மனைவி கனகத்துக்கும் நாகப்பட்டினத்துக்குக் கப்பல் சீட்டு எடுத்தாகிவிட்டது. தோட்டத்தில் பந்தல் போட்டு, மாலை போட்டு, மேளம் வைத்து வழியனுப்பினார்கள். அப்போது பலர் ஊரில் சேர்க்கச் சொல்லி எங்களிடம் பொட்டலங்கள் கொடுத்தார்கள். தாய்க்கு ஒரு புடவை, தகப்பனுக்கு ஒரு வேட்டி, தங்கச்சி குழந்தைக்கு ஒரு கவுன். கிராணி ஐயா கையில் கொடுத்தால் போய்ச் சேர்ந்துவிடும் என்று நம்பினார்கள். அவற்றுக்கென்றே ஒரு தகரப் பெட்டி வாங்கினோம்.

கப்பல் கிளம்பவில்லை. குண்டு விழ ஆரம்பித்துவிட்டது. நாங்கள் ஜொகூர் பாருவில் ஒரு சீனர் மளிகைக் கடைக்குப் பின்னால் ஒரு அறையில் ஒதுங்கினோம். தோட்டம் இருபது மைலில் இருந்தது. ஆனால் நான் திரும்பிப் போய் நிற்கவில்லை. மாலை போட்டு அனுப்பியவர்கள் முன்னால் அதே பெட்டியோடு போய் நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது. நாங்கள் எப்படியோ ஊருக்குப் போய்விட்டதாகவே அங்கே நினைத்துக்கொண்டிருந்தார்கள். நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

நாற்பத்துமூன்றில் பட்டணத்தில் இருக்க முடியவில்லை. பென்ஷன் என்ற பேச்சே இல்லை. வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டுக்கு வாரா வாரம் மதிப்பு இறங்கியது. அறை வாடகை பன்னிரண்டு வெள்ளியிலிருந்து முப்பதுக்கு ஏறியது. கொஞ்சம் நிலமும் நல்ல தண்ணீரும் இருக்கிற இடமாகப் பார்த்துப் போய், மரவள்ளி நட்டுப் பிழைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். இடம் எப்படி இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் பேசினோம். வெளியே சொல்லாத ஒரு நிபந்தனையும் என் மனதில் இருந்தது. அங்கே என்னைத் தெரிந்தவர் ஒருவரும் இருக்கக் கூடாது.

முதலில் மாசாய் போய்ப் பார்த்தோம். ஜொகூர் பாருவிலிருந்து பதின்மூன்று மைல். விறகு லாரியில் ஆளுக்கு ஒரு வெள்ளி. வேலை நின்றுபோன ஒரு தோட்டத்தில் பழைய புகைக்கூடம் காலியாக இருந்தது. ரப்பர் பால் தகடுகளைத் தொங்கவிட்டுப் புகை போடுகிற கட்டடம் அது. அதில் ஒரு பாதியைத் தடுத்துக் குடியிருக்கத் தருகிறேன் என்றார்கள். சுவரெல்லாம் கரி. உள்ளே நுழைந்தால் கண் எரிந்தது. கிணற்றுத் தண்ணீர் லேசாக உப்புக் கரித்தது. சாயங்காலம் கொசு அள்ளிக்கொண்டு போனது. கனகம் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதுக்கு நாம பட்டணத்துலயே கெடந்து சாகலாம்" என்றாள். வேண்டாம் என்று திரும்பிவிட்டோம்.

பிறகு மளிகைக் கடைக்காரர் ஒரு தகவல் சொன்னார். பத்து பாகாட் என்கிற ஊரிலிருந்து மூன்று மைல் தள்ளி ஒரு மலாய்க் கம்பத்தில், அதாவது கிராமத்தில், பாக் லாங் என்பவருடைய தென்னந்தோப்பில் ஒரு பலகை வீடு காலியாக இருக்கிறதாம். பணமாக வாடகை வேண்டாமாம். தோப்பைப் பார்த்துக்கொண்டால் போதுமாம். அங்கே தமிழர் கிடையாது என்றும் சொன்னார். எனக்கு அதுதான் பிடித்தது.

கிளம்புகிற அன்று காலையில் உடுப்புப் பிரச்சினை வந்தது. அந்தக் காலத்தில் துணி கிடைக்கவே கிடைக்காது என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். கோணிச் சாக்கைத் தைத்துப் போட்டுக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். கனகத்திடம் இரண்டு புடவைகள்தான் மிச்சம். இரண்டும் சாம்பல் போட்டுத் துவைத்துத் துவைத்து நூல் விட்டுப்போனவை. இடுப்பில் ஒட்டு, முந்தானையில் ஒட்டு. புது ஆளிடம் வீடு கேட்கப் போகும்போது பிச்சை கேட்க வந்தவர்கள் மாதிரி தெரியக் கூடாது என்று நான் நினைத்தேன். தகரப் பெட்டியைத் திறந்து, மேலாக இருந்த புடவையை எடுத்து அவளிடம் நீட்டினேன். மஞ்சள் உடல், கத்தரிப்பூ நிறக் கரை. மடிப்புக் கலையாத நூல் புடவை.

"அது பாக்கியத்தோட அம்மாவுக்கு" என்றாள் கனகம். பாக்கியம் எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவள்.

"ரெண்டு நாளைக்குத்தானே. வந்ததும் அலசி மடிச்சு வெச்சிடலாம்."

"வேணாங்க. கடையில பாக்கியம் என்னைப் பக்கத்துல நிக்க வெச்சுத்தான் இந்தக் கலரை எடுத்தா."

"அவ தோட்டத்துல இருக்கா. நாம போறது பத்து பாகாட். அங்க யாரு பாக்கப் போறா?"

அவள் இன்னொரு முறையும் மறுத்தாள். லாரிக்கு நேரமாகிறது என்று நான் குரலை உயர்த்தினேன். கட்டிக்கொண்டாள். கட்டி முடிக்கும்வரை என் பக்கம் திரும்பவில்லை.

லாரி காலை எட்டு மணிக்குக் கிளம்பியது. அது ஜப்பான்காரன் வைத்த தோக்கியோ நேரம்; வானத்தைப் பார்த்தால் ஆறரைதான் இருக்கும். பத்து பாகாட் ஏறக்குறைய எண்பது மைல். ஆளுக்கு ஆறு வெள்ளி வாங்கினார்கள். பெட்ரோல் கிடையாது, பின்னால் அடுப்பு வைத்துக் கரி எரித்து ஓட்டுகிற லாரி. மேடு வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். கூலாய் தாண்டியதும் எங்கள் தோட்டத்து வாசல் வந்தது. நான் துண்டைத் தலையில் போட்டு முகத்தை மூடிக்கொண்டேன். கனகம் மூடிக்கொள்ளவில்லை. வாசல் மறையும்வரை பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஆயர் ஈத்தாமில் சோதனைச் சாவடி. எல்லாரும் இறங்கி, காவல்காரனுக்கு இடுப்பு வளையக் குனிந்து கும்பிட்டு, பயண அனுமதிச் சீட்டைக் காட்ட வேண்டும். அங்கே ஒன்றரை மணி நேரம் போனது. பத்து பாகாட் சேர்ந்தபோது கடிகாரத்தில் நாலு. ஒரு செட்டியாருடைய வட்டிக்கடைக் கிட்டங்கியில் கேட்டபோது, முன்கூடத்தில் படுத்துக்கொள்ளச் சொன்னார்கள். கடன் வாங்கவும் ஆளில்லை, கொடுக்கவும் ஆளில்லை, காலியாகத்தான் கிடக்கிறது என்றார் காரியம் பார்த்தவர். கனகத்தைப் பார்த்து, "பட்டணத்துல இன்னும் நல்ல புடவையெல்லாம் கெடைக்குது போல" என்றார். அவள் முந்தானையை இழுத்து உள்ளே செருகிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் கம்பத்துக்கு நடந்தோம். இரண்டு பக்கமும் வாய்க்கால், தென்னை, பாக்கு. நல்ல நிழல். பாக் லாங் அறுபது வயசுக்காரர். வெற்றிலை போட்ட வாயோடு சிரித்துக்கொண்டே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார். வீடு எங்கள் எதிர்பார்ப்பை விட நன்றாக இருந்தது. கால் ஊன்றி உயர்த்திய பலகை வீடு. நீப்பா ஓலைக் கூரை போன வருஷம்தான் மாற்றியது. ஒரு அறை, சமையலுக்கு ஒரு சாய்ப்பு. பின்னால் கால் ஏக்கர் வெறும் நிலம், கறுப்பு மண். கிணற்றுத் தண்ணீர் இனித்தது. பக்கத்து வாய்க்காலில் மீன் துள்ளியது. வாடகை என்னவென்றால், தோப்பில் விழுகிற காயைப் பொறுக்கிக் குவித்து வைக்க வேண்டும், பத்துக்கு ஒன்று எங்களுக்கு. அந்தக் காலத்தில் தேங்காய் இருந்தால் எண்ணெய் உண்டு, சோப்பு உண்டு, மாற்றிக்கொள்ள அரிசி உண்டு. கனகம் அடுப்படியில் நின்று கூரையைப் பார்த்துச் சிரித்தாள். வழியனுப்பு நாளுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

"எடுத்துக்கிறோம்" என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பாக் லாங் மலாயில் என்னிடம் சொன்னார்: "அம்மாவுக்குப் பேச்சுத் துணைக்குக் கவலை வேண்டாம் துவான். தோப்புக்கு அந்தப் பக்கம் உங்கள் தமிழ்ப் பெண் ஒருத்தி இருக்கிறாள். போன மழைக்குத்தான் வந்தாள். எனக்குத் தேங்காய் உரிக்கிறாள். வாங்க, காட்டுகிறேன்."

அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அவர் கேட்கவில்லை. நல்ல செய்தி சொல்லிவிட்ட சந்தோஷத்தில் முன்னால் நடந்தார். நாங்களும் போனோம்.

ஓலைக் குடிசை வாசலில் கூர்க் கம்பியை நட்டு ஒரு பெண் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். பாக்கியம்.

"ஐயா!" என்று எழுந்தாள். "நீங்க ஊருக்குப் போயிட்டீங்கன்னுல்ல நெனச்சேன்! கப்பல் போகலையா?"

"போகல" என்றேன்.

"அம்மா, நல்லா இருக்கீங்களா…" என்று கனகத்தின் பக்கம் திரும்பியவள் பேச்சைப் பாதியில் நிறுத்தினாள். புடவையைப் பார்த்துவிட்டாள். அவள் கண் முந்தானையிலிருந்து கீழே கரைவரை இறங்கி, மறுபடி மேலே வந்தது. கனகம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பாக் லாங்கைப் பார்த்தேன். அவர் ஒன்றும் தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

பாக்கியம் கோபப்பட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அவள் கோபப்படவில்லை. "வெயில்ல நிக்காதீங்க, உக்காருங்க" என்று ஓலைப் பாயை எடுத்து வாசல் நிழலில் போட்டாள். பாக் லாங் விடைபெற்றுக்கொண்டு போனார். அவள் அடுப்பில் இருந்த மரவள்ளிக்கிழங்கை எடுத்து, தேங்காய் துருவிப் போட்டு எங்கள் முன் வைத்தாள். அது அவர்களுடைய மதியச் சாப்பாடு என்பது பானையைப் பார்த்ததும் தெரிந்தது. வேண்டாம் என்றால் இன்னும் அசிங்கம். சாப்பிட்டேன்.

அவளே பேசினாள். புருஷனைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். எட்டு மாசமாகிறது, ஒரு சேதியும் இல்லை. ஆண்பிள்ளை இல்லாத வீட்டுக்குத் தோட்டத்தில் அரிசியை நிறுத்திவிட்டார்கள். தெரிந்தவர் ஒருவர் சொல்லி மகளோடு இங்கே வந்தாளாம்.

பிறகு கனகத்தின் புடவையை மறுபடி பார்த்தாள். "எங்கம்மா கையில அது போய்ச் சேந்திருக்கும்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள். "போன தீபாவளிக்குக்கூட செல்லத்துக்கிட்ட சொன்னேன், ஒங்க பாட்டி இந்நேரம் மஞ்சப் புடவை கட்டிக்கிட்டுத் தெருவெல்லாம் காட்டிக்கிட்டு இருக்கும்னு. சிரிச்சோம்."

குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். ஒன்றரை வருஷம் அவள் மனசுக்குள் அவள் அம்மா அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு நடமாடியிருக்கிறாள். நாங்கள் அந்த வாசலுக்கு வந்து நின்ற நிமிஷத்தோடு அது முடிந்துபோனது.

கனகம் கிழங்கைத் தொடவில்லை. "செல்லம் எங்க?" என்று கேட்டாள். செல்லம் பாக்கியத்தின் மகள். அப்போது பதினாறு வயசு இருக்கும்.

"உள்ளதான் இருக்கா."

"வரச் சொல்லேன். பாத்து எத்தனை நாளாச்சு."

பாக்கியம் தலையை ஆட்டினாள். "வரமாட்டாம்மா."

கனகம் எழுந்து உள்ளே போனாள். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கனகத்தின் குரல் மட்டும் வந்தது. "பையில ஒங்க வேட்டி இருக்குல்ல, அதை இப்படிக் குடுங்க." எட்டு முழ வேட்டியை எடுத்துக் கதவு இடுக்கு வழியாக நீட்டினேன்.

தாய்க்கும் மகளுக்கும் சேர்த்து ஒரே புடவைதான் இருந்தது என்று பிறகு கனகம் சொன்னாள். தாய் அதைக் கட்டிக்கொண்டு வேலை செய்தால் மகள் வீட்டுக்குள் சாக்கைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஆள் வருகிற சத்தம் கேட்டால் மூலைக்குப் போய்விடுவாளாம்.

கனகம் என் வேட்டியைப் புடவை மாதிரி சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். அவளுக்குப் பின்னால் செல்லம், மஞ்சள் புடவையில். வெயில் கண்ணில் பட்டதும் கையால் மறைத்துக்கொண்டாள்.

பாக்கியம் பதறினாள். "வேணாம்மா, வேணாம்! அது எங்கம்மாவோடது."

"ஒங்கம்மாவுக்கு ஊர்ல வேற புடவை கெடைக்கும். இவளுக்கு இங்க கெடைக்காது" என்றாள் கனகம். "நான் கட்டினது தப்பு, பாக்கியம். மனசுல வெச்சுக்காத."

கட்டச் சொன்னவன் நான். அதை அங்கே அப்போதே சொல்லியிருக்க வேண்டும். என் மனைவி அந்தத் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொள்ள, நான் கிழங்குத் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கிளம்பும்போது பாக்கியம் கேட்டாள்: "பாக் லாங் வீட்டைப் பாத்தீங்களா ஐயா? நல்ல தண்ணி. வந்துடுங்க. நீங்க பக்கத்துல இருந்தா எங்களுக்கும் தைரியம்." சொல்லி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தேன். பாக் லாங்கிடமும் அதையே சொன்னேன். அவர் வழிச் செலவுக்கு நாலு தேங்காய் கொடுத்தார்.

திரும்புகிற லாரியில் கொப்பரை மூட்டைகள் மேல் உட்கார்ந்து வந்தோம். எதிரே ஒரு வயசான தமிழ் அம்மா. வெள்ளைத் துணியில் இருந்த கனகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தவர் மெதுவாகக் கேட்டார்: "எப்பம்மா தவறினாரு?"

"தவறல" என்றாள் கனகம். "பக்கத்துலதான் உக்காந்திருக்காரு."

நான் துண்டை எடுத்து மறுபடி தலையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கனகம் கேட்டாள்: "அந்த வீட்டுக்கு எப்பப் போறோம்?"

"அங்க வேணாம்."

"ஏன்? தண்ணி சரியில்லையா? கூரை ஒழுகுதா?"

தினமும் காலையில் எழுந்து தோப்புக்கு அந்தப் பக்கம் பார்க்க என்னால் முடியாது என்பதை எப்படிச் சொல்வது? அவளுக்குத் தெரியும். "ஒங்களுக்கு மூஞ்சி காட்ட முடியலன்னு என்னை உப்புத் தண்ணி குடிக்கச் சொல்றீங்க" என்றாள்.

அடுத்த வாரம் அவளே தகரப் பெட்டியை எடுத்து வெளியே வைத்தாள். தோட்டத்துக்குப் போய் எல்லாருடைய துணியையும் திருப்பிக் கொடுத்தோம். தொழிலாளர் லயத்து வீடுகளில் ஆண்பிள்ளைகள் பாதிப் பேர் இல்லை, எல்லாரும் சயாம். சில பெண்கள் பொட்டலத்தைப் பிரித்து அங்கேயே மேலே போர்த்திக்கொண்டார்கள். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் இத்தனை நாள் வரவில்லை என்றுகூடக் கேட்கவில்லை. ஒரு கிழவர் மட்டும் தன் தங்கைக்குக் கொடுத்த புடவையை வாங்க மறுத்தார். "கப்பல் ஒரு நாள் போகும்லங்க ஐயா. நீங்களே வெச்சிருங்க" என்றார். கெஞ்சி அவர் கையில் திணித்துவிட்டு வந்தேன்.

அந்த மாசக் கடைசியில் மாசாய்ப் புகைக்கூடத்துக்குக் குடிபோனோம். சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடிக்க மூன்று வாரம் ஆனது. புகை நாற்றம் முழுதாகப் போக ஒரு வருஷம். இரண்டு பேருக்கும் மலேரியா வந்தது. கனகத்துக்கு இரண்டு தடவை. இரண்டாம் தடவை அவள் பிதற்றியபோது பாக் லாங் வீட்டுக் கிணற்றைப் பற்றிப் பேசினாள். பிழைத்துக்கொண்டாள். சண்டை முடிந்து பென்ஷன் வந்த பிறகு, அங்கேயே கால் ஏக்கர் வாங்கிச் சின்னதாக ஒரு வீடு கட்டினோம். ஊருக்கும் போகவில்லை. இப்போது பழகிவிட்டது.

இனி, இடம் தேடுகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மாசாய்க்கு வருவதானால் கிணற்றுத் தண்ணீரை மழை நாளில் பார்க்காதீர்கள். வெயில் காலத்தில் வந்து குடித்துப் பாருங்கள். கடலை விட்டுத் தள்ளியிருக்கிற மேட்டில் இடம் வாங்குங்கள். பழைய தோட்டக் கட்டடம் மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுக்காதீர்கள். வீடு பார்க்கப் போகும்போது மனைவியை அடுப்படியில் நிறுத்தி அவர் முகத்தைப் பாருங்கள். அங்கே சிரித்தால் அந்த வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களைத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கிறாரே என்று தயங்காதீர்கள். வயசான காலத்தில் தெரியாதவர்கள் நடுவில் போய் உட்காருவதைப் போலச் செலவு பிடிக்கிற காரியம் வேறு இல்லை. வாடகையை மட்டும் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு இது தெரியாது. நானும் கணக்கு எழுதியே காலம் கழித்தவன்தான்.

என்னைக் கேட்டால், முதலில் பத்து பாகாட்டைத்தான் பார்க்கச் சொல்வேன். தண்ணீர், நிழல், மீன், நல்ல மனுஷர்கள். பாக் லாங் இறந்துவிட்டார். அவர் மகன் இப்போதும் வீடு விடுகிறார். கனகம் வருஷத்துக்கு ஒரு தடவை போய் வாரக்கணக்கில் தங்கிவிட்டு வருகிறாள். செல்லத்துக்கு அங்கேயே கல்யாணம் ஆகி இரண்டு குழந்தைகள். சயாம் போனவர் திரும்பி வரவில்லை. பாக்கியம் ஒவ்வொரு தடவையும் "ஐயா ஏன் வரல?" என்று கேட்கிறாளாம். உடம்பு சரியில்லை என்று கனகம் சொல்லிவைக்கிறாள்.

ஜொகூர் பாருவிலிருந்து காலை ஏழு மணிக்கு பஸ் இருக்கிறது. சோதனைச் சாவடியெல்லாம் எடுத்துவிட்டார்கள், பாதையும் நன்றாகப் போட்டுவிட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம். என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. நான் இன்னும் போகவில்லை.